ஒன்பது வாரக் கையெழுத்து

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அதிபர் முத்துலிங்கம் ஸூமில் எழுந்தருளுவார். பின்னால் மரூன் நிறத் திரைச்சீலை, முன்னால் பிளாஸ்ரிக் ரோசாப்பூ, நடுவில் கழுத்துப்பட்டி கட்டிய அதிபர். இடுப்புக்குக் கீழே வெறும் சாரம்தான் என்பது, அவர் ஒருநாள் தேத்தண்ணி எடுக்க எழும்பினபோது முப்பத்திரண்டு ஆசிரியருக்கும் தெரிந்துபோயிற்று. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ரிப்கா ரீச்சர் மட்டும் ஒரு இதயப் படத்தைத் தட்டிவிட்டாள். அதிபர் எழும்பினாலும் இருந்தாலும் இருமினாலும் ரிப்கா இதயம் அனுப்புவாள். அவளுக்கு இடமாற்றம் வேண்டும், பாவம்.

கண்டியில், அம்பிட்டியப் பக்கத்து வீட்டில், சாப்பாட்டு மேசையில் சீனிப் போத்தலோடு போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு மங்களேஸ்வரி ரீச்சர் இந்தக் கூத்தை ஒன்பதாவது வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கமராவை அணைத்துவிட்டிருந்தாள். கேட்டால் சிக்னல் இல்லை என்பாள். சிக்னலுக்கு ஒரு குறையும் இல்லை. மனதில் நினைப்பது அப்படியே முகத்தில் தெரிந்துவிடும், அதுதான் குறை.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கலியாணம் கட்டிக் கண்டிக்கு வந்து, புசல்லாவைக்கு இந்தப் பக்கம் மலையில் இருக்கிற ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருசமாகக் கணக்குப் படிப்பிக்கிறவள். பதினோராம் தரத்துக்கு வகுப்பாசிரியையும் அவள்தான். தேவைக்கு மேலே அரைப் புள்ளி போட்டதாக அவளைப் பற்றி ஒரு கதை கிடையாது. கல்விப் பணிமனையிலிருந்து வந்த ஒரு அதிகாரி தன் மருமகனின் விடைத்தாளைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னபோது, பார்த்து, இருந்த முப்பத்தொன்றை இருபத்தொன்பதாகத் திருத்தியவள். தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் அவளைப் பற்றிச் சொல்வார்கள்: மங்களேஸ்வரி டீச்சர் அடிச்சாலும் அடிப்பாங்க, பொய் சொல்ல மாட்டாங்க. இந்தப் பேச்சு அவள் காதிலும் விழுந்திருந்தது. கேட்டு அவள் சந்தோசப்படவில்லை. பொய் சொல்லாமல் இருப்பதே ஒரு பெரிய விசயமாகிப்போன ஊரை நினைத்து மூக்கைச் சுளித்தாள்.

அன்றைக்கு அதிபர் வாசித்தார்: எங்கள் பள்ளிக்கூடத்தில் இணையவழிக் கற்றலில் சேர்ந்திருக்கிற பிள்ளைகள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வீதம். தொழில்நுட்பம் தெரிந்த ரிஸ்மி சேர் உடனே ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டார். பச்சைக் கோடு மலை ஏறுகிற மாதிரி ஏறிப் போயிற்று. கல்வி வலயத்தில் நாங்கள் இரண்டாவது இடம் என்றார் அதிபர். மஞ்சள் கைகள் திரை முழுக்கத் தட்டின. ரிப்கா இரண்டு இதயம் அனுப்பினாள்.

மங்களேஸ்வரிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவளுடைய வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். வட்ஸ்அப் குழுவில் இருப்பது பதினொன்று. மிச்சம் முப்பது பேரில் சிலர் வீட்டில் போன் இல்லை, சிலர் வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவோடு கொழும்பில், சிலருக்குப் போன் இருந்தும் லயத்துக்குள் ஒரு கோடு சிக்னல் எட்டிப் பார்க்காது. பழைய கலண்டர் தாள்களின் முதுகில் கணக்கை எழுதிச் சுவரில் ஒட்டி, புருசனைக் கொண்டு படம் எடுப்பித்து அனுப்புவாள். பதினொரு பேருக்குப் போகும். அதில் நாலு பேர் பார்ப்பார்கள். தொண்ணூற்று நாலாம்! எந்த வெட்கங்கெட்டதுகள் இதற்குக் கையெழுத்து வைத்துக் கொடுக்குதுகளோ என்று அவள் வாய்விட்டே கேட்டாள். ஒலியையும் அணைத்துவிட்டிருந்தபடியால் சீனிப் போத்தலுக்கு மட்டும் கேட்டது.

இனிப் போதும் என்று அன்றைக்கே முடிவெடுத்தாள். அறுபது வரை இந்தக் கோமாளிகளோடு இழுபட ஏலாது. ஐம்பத்தைந்துக்குப் பிறகு எப்போதும் விட்டுவிட்டுப் போகலாம், சட்டமே விடுகிறது.

உண்மையைச் சொன்னால், கோமாளிகள் மட்டும் காரணமில்லை. அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மே மாதத்தில், ஏழு வருசமாக ஒன்றாகப் பஸ்ஸில் போய்வந்த ஒரு சமூகக்கல்வி ரீச்சரை மூச்சு முட்டி தெல்தெனியக் கொரோனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். திரும்பக் கொண்டுவரவில்லை. பெட்டியை மூடி நேரே எரிக்கக் கொண்டுபோனார்கள், அந்த ரீச்சரின் புருசன் கூட முகம் பார்க்கவில்லை. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து மங்களேஸ்வரிக்குப் பஸ் என்றாலே பயம். ஆனால் பயம் என்று ஒருவரிடமும் சொல்லமாட்டாள். பயத்தைச் சொல்வதைவிட அதிபரைத் திட்டுவது அவளுக்குச் சுகமாக இருந்தது.

மெல்பனில் இருக்கிற மகள் மதனி, விடுங்கோ அம்மா, உடனே விடுங்கோ என்று ஒவ்வொரு நாளும் போனில் கரைச்சல் கொடுத்தாள். புருசன் இராமநாதன் தபால் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். இப்போது முழுநேர உத்தியோகமாக ரீவிக்கு முன்னால் இருந்து தொற்றாளர் எண்ணிக்கையைக் கலண்டரில் குறித்துவருகிறார். அவருக்கு மட்டும் இதில் அவ்வளவு சம்மதமில்லை.

"விடுறதெண்டால் விடும். ஆனால் கோவத்தில விடாதையும்," என்றார். "ஊரைத் திருத்துறதை விட்டிட்டு வந்தால், பிறகு வீட்டில இருந்து என்னைத்தான் திருத்துவீர்."

அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் ரீவிப் பக்கம் திரும்பிவிட்டார்.

கடிதத்தை எழுத அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. நாலு வரி. சுயவிருப்பின்பேரில் ஓய்வுபெற விரும்புகிறேன், ஆவன செய்யவும். இதற்கு அதிபரின் சிபாரிசும் சீலும் வேண்டும். அது இல்லாமல் பணிமனையில் அந்தக் கடிதத்தை ஒரு ஈ கூடச் சீண்டாது. பயணத்தடையை எடுத்து ஒரு கிழமை ஆகியிருந்தது. திங்கட்கிழமை காலை இரண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு குட்செட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினாள்.

சீட்டுக்கு ஒருவர் என்று பஸ்ஸின் முன்கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே இரண்டு பேர் நின்றுகொண்டு வந்தார்கள். நடத்துனரின் மாஸ்க் தாடைக்குக் கீழே தாடி மாதிரித் தொங்கியது. அவன் எச்சில் தொட்டு ரிக்கற் கிழித்து நீட்ட, மங்களேஸ்வரி அதை இரண்டு விரல் நுனியால் வாங்கி, ஏதோ செத்த பூச்சியைப் போல யன்னல் ஓரத்தில் வைத்தாள். கம்பளை தாண்டி மலை ஏறும்போது, இதுதான் கடைசிப் பயணம் என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு துளி கவலையும் வரவில்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இல்லை. அதிபரின் கந்தோர் மட்டும் திறந்திருந்தது. வெளியே விறாந்தையில் போட்டிருந்த மர வாங்கின் பக்கத்தில் ஒரு மனுசி நின்றுகொண்டிருந்தாள். வாங்கில் இருக்க ஒருத்தரும் வேண்டாமென்று சொல்லவில்லை, ஆனாலும் நின்றாள். பதினோராம் தரத்துச் சாருஜாவின் தாய். கொழுந்தெடுக்கிறவள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு, காலை ஏழரையிலிருந்து நிற்கிறாளாம்.

விசயம் இதுதான். பாலத்துக்குக் கீழே இருக்கிற பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் அச்சடித்த பாடப் புத்தகக் கட்டு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். எல்லாப் பாடமும் இருக்கிறதாம், கணக்கும் இருக்கிறதாம். போன் இல்லாத பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதி, கிழமைக்கு ஒருக்கால் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து கொடுக்கவேண்டும், ரீச்சர்மார் திருத்துவார்கள். இங்கே கேட்டால், உங்கள் பள்ளிக்கூடத்துக்கு அது கிடையாது என்று கந்தோரில் சொல்கிறார்கள். ஏன் கிடையாது என்று மட்டும் சொல்கிறார்கள் இல்லை.

மங்களேஸ்வரிக்கு அந்த இடத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அந்தத் தொண்ணூற்று நாலு! மனுசி இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், டீச்சர் இன்னொரு விசயம் என்றாள். மங்களேஸ்வரிக்குக் கேட்கப் பொறுமையில்லை.

"நீர் இதில இரும். நான் கேட்டுக்கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டு, கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

முத்துலிங்கம் இன்றைக்குக் காற்சட்டை போட்டிருந்தார். மேசையில் அதே பிளாஸ்ரிக் ரோசாப்பூ. அவள் இருக்கவில்லை, நின்றபடியே தொடங்கினாள். பொய்க் கணக்குக் காட்டினதற்கு, படம் காட்டினதற்கு, பிள்ளைகளின் வயிற்றில் அடித்ததற்கு, பிறகு பொதுவாக அவர் அதிபராக இருக்கிறதற்கு என்று நாலு பக்கமும் விளாசினாள். அடுத்த அறையில் லிகிதர் தட்டச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருசமாக மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்த வசனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடையில்லாமல் வந்தன. போகிற நாளில் இப்படி ஒன்று அமைந்ததே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட இருந்தது. அதை மறைக்கவேண்டாம்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் முதல் ஆச்சரியம். ஐம்பது வீதத்துக்குக் கீழே பிள்ளைகள் இணைகிற பள்ளிக்கூடங்களுக்கு மட்டும்தான் அச்சுப் பிரதி என்று மேலே முடிவெடுத்திருக்கிறார்கள் என்று ஆறுதலாக விளக்கினார். அந்தப் பட்டியலில் பேர் வந்தால் பின்தங்கிய பள்ளிக்கூடம் என்றாகிவிடும். அவருக்கு அடுத்த மாதம் முதலாம் தர அதிபராகப் பதவி உயர நேர்முகப் பரீட்சை. இதைச் சொல்ல அவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு பைலை எடுத்து, பக்கம் புரட்டி, அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

பதினோராம் தரம். வாராந்த அறிக்கை. மொத்தம் நாற்பத்தொன்று, இணைந்தோர் முப்பத்தொன்பது. அடுத்த வாரம் முப்பத்தெட்டு. அதற்கடுத்தது நாற்பது. பின்னால் பெயர்ப் பட்டியல், பெயருக்கு நேரே சரி அடையாளங்கள், லிகிதரின் உருண்டை எழுத்தில். ஒன்பது வாரத்துக்கு ஒன்பது தாள். ஒவ்வொன்றின் அடியிலும் வகுப்பாசிரியையின் கையெழுத்து.

"நான் பொய் சொன்னேன்னே வச்சுக்குவோம் டீச்சர்," என்றார் முத்துலிங்கம். "கையெழுத்து யாரோடது?"

அவளுடையதுதான். மறுக்க வழியில்லை. சித்திரை மாதக் கடைசியில், நாளையிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை என்று மத்தியானம் செய்தி வந்தது. எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்கள். அப்போது வாசலில் வைத்துப் படிவக் கட்டை நீட்டினார்கள். அடியில் ஒப்பத்தை வைத்துவிட்டுப் போங்கள், உள்ளே வேண்டியதை நாங்கள் நிரப்பிக்கொள்கிறோம், இதற்காக ஏன் மலை ஏறி வரப்போகிறீர்கள் என்றார்கள். புதுப் பழக்கம் ஒன்றும் இல்லை. லீவுப் படிவம், விளையாட்டுப் போட்டிப் படிவம், கூட்ட அறிக்கை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றுக்கும் முதலில் கையெழுத்து, பிறகுதான் விசயம். மங்களேஸ்வரி கைப்பையைத் தோளிலிருந்து இறக்கக்கூட இல்லை. கட்டைச் சுவரில் வைத்து, பக்கத்தைப் பார்க்காமல், இருந்த தாள் எல்லாவற்றிலும் கிறுக்கிவிட்டுப் போனாள். பணிமனைக் காகிதம் என்றால் அவளுக்கு அவ்வளவு இளக்காரம். வாசிக்கிற மரியாதையைக்கூட அதற்குக் கொடுக்கமாட்டாள்.

எந்த வெட்கங்கெட்டதுகள் என்று கேட்டாளே, இதோ, மேசையில் விரித்து வைத்திருக்கிறது.

முத்துலிங்கம் அவளை அவமானப்படுத்தவில்லை. அப்படிச் செய்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவர் மிகவும் தன்மையாகப் பேசினார். இதை இப்போது கிளறினால் விசாரணை வரும். விசாரணை என்று வந்தால் ஒப்பம் வைத்தவரைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். விசாரணை முடியும்வரை ஓய்வூதிய பைல் இருந்த இடத்தை விட்டு அசையாது, அது ஒரு வருசமோ மூன்று வருசமோ. டீச்சர் நல்ல பெயரோடு போகவேண்டியவர். பள்ளிக்கூடத்துக்கும் நல்லது, டீச்சருக்கும் நல்லது. சொல்லிக்கொண்டே அவளுடைய கடிதத்தை வாங்கி, கீழே 'சிபாரிசு செய்கிறேன்' என்று எழுதி, ஒப்பம் வைத்து, சீலில் ஊதி, குத்தினார். முழுதாக ஒரு நிமிடம் எடுக்கவில்லை. வேறு ஆட்களுக்கு இந்தச் சீலுக்காக மூன்று மாதம் அலையவேண்டும். ஸூமில் நல்ல ஒரு பிரியாவிடை வைப்போம், பொன்னாடையை வீட்டுக்கு அனுப்பிவைப்போம் என்றும் சொன்னார்.

அவள் கடிதத்தை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். இந்த மனுசன் மகா கெட்டிக்காரன் என்று நினைக்கக்கூட வழியில்லை. அரைகுறை. அந்த அரைகுறை தன்னை இவ்வளவு சுகமாகக் கட்டிப்போட்டதென்றால், கயிற்றைத் திரித்துக் கொடுத்தது தானே என்பது அவளுக்கு நன்றாக விளங்கியது.

வெளியே வந்தாள். பதினொரு மணிக்குப் பஸ் இருக்கிறது. ஏறினால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் கண்டி. நாளைக்கே கடிதத்தைப் பணிமனையில் கொடுத்தால், அதன்பிறகு இந்த மலையும் வேண்டாம், இந்த பஸ்ஸும் வேண்டாம், ஒருத்தருடைய முகத்திலும் முழிக்கவேண்டாம். சாருஜாவின் தாய் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"அது மேலிடத்து விசயம்," என்றாள் மங்களேஸ்வரி. "எங்களால ஒண்டும் செய்ய ஏலாது."

சொன்னபிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது. வெள்ளிக்கிழமை ஸூமில் கேட்கிற குரல் மாதிரியே இருந்தது.

மனுசி தலையாட்டினாள். பரவாயில்லைங்க டீச்சர் என்றாள். தான் புத்தகத்துக்காக மட்டும் வரவில்லை, உங்களைப் பார்த்து ஒரு விசயம் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன் என்றாள். பிறகு சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

போன வெள்ளிக்கிழமையும் வந்திருக்கிறாள். என் பிள்ளைக்குப் பாடம் ஒன்றும் கிடைக்கவில்லை ஐயா என்று லிகிதரிடம் அழுதிருக்கிறாள். லிகிதர் ஒரு தாளை எடுத்துக் காட்டி, உங்கள் மகள் ஒன்பது வாரமும் ஒரு பாடம் விடாமல் சேர்ந்திருக்கிறாள், இதோ சரி போட்டிருக்கிறது, இதோ மங்களேஸ்வரி ரீச்சரின் கையெழுத்து என்றிருக்கிறார். மனுசிக்குத் தலை சுற்றிப்போயிற்று. வீட்டில் போன் கிடையாது. அப்படியென்றால் பிள்ளை யாருடைய போனில் படித்தாள்? யார் கொடுத்தான்? தாய்க்குத் தெரியாமல் எங்கே போய்வருகிறாள்?

"கேட்டேங்க. நான் ஒரு பாடமும் படிக்கல, எனக்கு யாரும் போன் தரலன்னு சத்தியம் பண்ணினா," என்றாள். "டீச்சர் கையெழுத்துப் போட்டிருக்காங்க, டீச்சரா பொய் சொல்லுவாங்கன்னு கேட்டு, வெறகுக் கட்டையாலயே அடிச்சிட்டேங்க. அவ கை வீங்கிப் போச்சு. அப்பவும் அதையேதான் சொல்றா."

சனிக்கிழமையிலிருந்து பிள்ளை சாப்பிடவில்லை, வாய் திறந்து ஒரு சொல் பேசவுமில்லை. பொய் பழகிவிட்ட பிள்ளையை இனி வீட்டில் வைத்திருக்க முடியாது. கம்பளையில் ஒரு துணிக்கடையில் கேட்டிருக்கிறார்கள், அங்கேயே தங்கி வேலை செய்யலாம், புதன்கிழமை கொண்டுபோய் விடப்போகிறார்கள். அதற்கு முன்னால் டீச்சரிடம் ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகவேண்டும் என்று வந்தாளாம். உங்கள் பாடத்துக்கு வந்துகொண்டே வரவில்லை என்று சாதித்துவிட்டாள், சின்னப் பிள்ளை, மனதில் வைக்காதீர்கள் என்றாள்.

கை கூப்பினாள். மங்களேஸ்வரியைப் பார்த்துக் கை கூப்பினாள்.

சாருஜாவை மங்களேஸ்வரிக்கு நன்றாகத் தெரியும். மூன்றாம் வரிசை, யன்னல் ஓரம். கணக்குப் பிழைத்தால் அழிப்பான் தேடாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு முழுவதையும் திரும்ப முதலிலிருந்து எழுதுகிற பிள்ளை. போன வருசக் கடைசிப் பரீட்சையில் எழுபத்திரண்டு, மங்களேஸ்வரியின் கையால் விழுந்த எழுபத்திரண்டு. வட்ஸ்அப் குழுவில் இந்தப் பெயர் இல்லை என்று முதல் வாரமே அவள் கவனித்திருந்தாள். கவனித்து, அரசாங்கத்தைத் திட்டினாள். அடுத்த வாரமும் திட்டினாள். ஒன்பது வாரம் திட்டினாள். ஒரு தாளில் பத்துக் கணக்கை எழுதி, தடை வருமுன் அந்த வழியாகப் போன பஸ்ஸில் கொடுத்துவிட்டிருந்தால் போயிருக்கும். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. எல்லாரையும் இளக்காரமாகப் பார்ப்பதிலேயே நேரம் போய்விட்டது. சீ என்று வந்தது அவளுக்கு. இந்த முறை அதிபரைப் பார்த்தல்ல.

பதினொரு மணிப் பஸ் வளைவில் ஹோன் அடித்துக்கொண்டு வருவது கேட்டது.

"கையைக் கீழ போடுங்கோ," என்றாள். "உங்கட பிள்ளை பொய் சொல்லேல்லை. அவ ஒரு பாடத்துக்கும் வரேல்லை. நான் அவவுக்கு ஒரு பாடமும் அனுப்பேல்லை. வெறுந்தாளில கையெழுத்தை வைச்சுக் குடுத்தனான். மிச்சத்தை இவையள் எழுதினவை."

மனுசிக்கு உடனே விளங்கவில்லை. மங்களேஸ்வரி இன்னொரு முறை சொல்லவேண்டியிருந்தது. இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிட நூறு மடங்கு கஷ்டமாக இருந்தது. பஸ் வாசலில் நின்று, ஒருத்தரும் ஏறாமல், போயிற்று.

அதன்பிறகு சாருஜாவின் தாய் கேட்காமலே வாங்கில் இருந்தாள். ரீச்சர் நிற்கிறாரே என்று பார்க்கவில்லை. சேலைத் தலைப்பை விட்டுவிட்டாள். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். பல்லிளிக்கிற அதிபரையும், இதயம் அனுப்புகிற ரிப்காவையும், எச்சில் தொட்டு ரிக்கற் கிழிக்கிற நடத்துனரையும் மங்களேஸ்வரி பார்க்கிற பார்வைதான் அது. அதை வாங்கிக்கொள்கிற பக்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"எழுதிக் குடுங்க," என்றாள் மனுசி.

என்ன எழுதவேண்டும் என்று மங்களேஸ்வரி கேட்டாள்.

"இப்ப சொன்னீங்கள்ல, அத. நான் வாயால சொன்னா அவ நம்ப மாட்டா. நம்பவேண்டிய அவசியமும் அவளுக்கு இல்ல."

கடிதத்தைப் படி எடுக்க என்று கொண்டுவந்த வெள்ளைத் தாள் கைப்பையில் இருந்தது. மங்களேஸ்வரி வாங்கின் மற்ற முனையில் இருந்துகொண்டு, கைப்பையை மடியில் வைத்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். சாருஜா கடந்த ஒன்பது வாரமும் இணையவழிப் பாடம் எதிலும் சேரவில்லை. சேர்ந்ததாகக் காட்டும் அறிக்கைகளில் உள்ள கையெழுத்து, அவை நிரப்பப்படுவதற்கு முன் நான் வைத்தது. பிள்ளை சொன்னது உண்மை. கீழே முழுப் பெயர், பதவி, திகதி.

எழுதும்போதே தெரியும், இது லயத்துக்குப் போகிற தாள் மட்டுமல்ல. பின்னேரத்துக்குள் நாலு வீட்டில் வாசிப்பார்கள். மிச்சம் இருபத்தொன்பது பிள்ளைகளின் தாய்தகப்பன் நாளைக்கு இதே விறாந்தையில் நிற்பார்கள். நாளை மறுநாள் பணிமனைக்குப் போகும், விசாரணை வரும், முத்துலிங்கம் சொன்னமாதிரியே முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். சீல் குத்தின கடிதம் கைப்பைக்குள் கிடந்தது. இனி அது ஒன்றுக்கும் உதவாது. அதைக் கிழிக்கிற சிரமத்தைக்கூட அவள் எடுக்கவில்லை. பஸ்ஸை நினைக்க இப்போதும் பயமாகத்தான் இருந்தது. இருந்தால் இருக்கட்டும், இந்த அசிங்கத்தை இன்னொருத்தர் தலையில் போட்டுவிட்டுப் பொன்னாடை வாங்க அவளால் ஏலாது.

"புதன்கிழமை கடைக்கு அனுப்பவேண்டாம்," என்றாள். "எட்டு மணிக்கு இஞ்ச அனுப்புங்கோ. போன் இல்லாத மற்றப் பிள்ளையளையும் வரச் சொல்லுங்கோ. தள்ளித் தள்ளி இருத்திப் படிப்பிப்பன். நான் விட்டிட்டுப் போகேல்லை."

சாருஜாவின் தாய் தாளை வாங்கி, எழுத்தில் விரலை வைத்து, உதட்டை அசைத்து அசைத்து வாசித்தாள். நேரம் எடுத்தது. மங்களேஸ்வரி காத்திருந்தாள். கையெழுத்து வரை வந்ததும் விரல் நின்றது. தாளின் அடிப்பாதி வெறுமையாகக் கிடந்தது. மனுசி தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்துவிட்டு, அவளிடமே நீட்டினாள்.

"கீழயும் பின்னாலயும் எடம் கெடக்கு," என்றாள். "கோடு கிழிச்சுக் குடுங்க. இல்லாட்டி வேற யாராச்சும் எழுதிக்குவாங்க."

மங்களேஸ்வரி பேனையை எடுத்து, இரண்டு பக்கத்திலும் மூலைக்கு மூலை கோடு கிழித்துக் கொடுத்தாள்.